அந்த ஒரு வரிய எடுத்தது யாருங்க

ஏனுங்க மேடம், அந்தப் பைய மேல வெச்சுடட்டுங்களா? காலு நீட்டி உக்காரலாம். சென்னை வரைக்குந்தானுங்களே? நானும் அங்கதானுங்க. மூணு மணிக்கு ஒரு மீட்டிங். மீட்டிங்னா சும்மா காப்பி குடிக்கிற மீட்டிங் இல்லீங்க. நியாயம் கேக்கப் போறேன்.

என்ன நியாயம்னு நீங்க கேக்கல. கேக்காட்டிப் பரவால்லீங்க, சொல்றேன். திருப்பூரே இன்னும் வரலியே.

என் பேரு அவிநாசியப்பன். கோயமுத்தூர்ல சாஃப்ட்வேர் கம்பெனி, பத்தொம்பது வருசம். ஆபீஸ்ல எல்லாரும் அவி, அவிம்பாங்க. எங்கூட்டுக்காரி மட்டும் முழுப்பேரு சொல்லுவா, அதுவும் கோவம் வந்தாத்தான். இன்னைக்குக் காத்தால கிளம்பறப்பக்கூட முழுப்பேருதானுங்க. "அவிநாசியப்பன், போய் வீணா மானத்த வாங்கிட்டு வராதீங்க"ன்னா. அவளுக்கு விசயம் புரியலீங்க.

என் வேலை என்னன்னா, பொய் சொல்றது. சிரிக்காதீங்க, நெசமாத்தான். ஒரு கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டர் இருக்கற மாதிரி பொய்யா ஒண்ணு உண்டாக்கறது. உள்ள இருக்கற அந்தப் பொய்க் கம்ப்யூட்டருக்கு, தான் பொய்யினு தெரியக்கூடாதுங்க. தெரிஞ்சா எங்க வேலை சுத்தமில்லைன்னு அர்த்தம். அதோட விட்டாப் பரவால்லையே. இப்ப அந்தப் பொய்க்குள்ள இன்னொரு பொய்யி வேணுங்கறாங்க.

லைன் வீடு பாத்திருக்கீங்கல்லோ? ஓனர் ஒருத்தரு வரிசையாக் கட்டி விட்டிருக்காரு. ஒருத்தன் வந்து பத்து ரூமை வாடகைக்கு எடுக்கறான். எடுத்தவன் சும்மா இருக்காம, அதுல ஆறு ரூமை இன்னொருத்தனுக்கு உள்வாடகைக்கு விடறான். உள்வாடகைக்காரனுக்கு ஓனரையே தெரியாது. நடுவுல இருக்கறவந்தான் ஓனர்னு நெனச்சுக்கிட்டு நிம்மதியா இருக்கான். அவன் நிம்மதியா இருக்கறதுக்குத்தான் எனக்குச் சம்பளம்.

இப்ப உள்வாடகைக்காரன், "என் அஞ்சாம் நம்பர் ரூமு"ங்கறான். நடுவுல இருக்கறவன் தன் நோட்டைப் பாத்து, "உன் அஞ்சு எனக்குப் பன்னண்டு"ம்பான். ஓனர் தன் நோட்டைப் பாத்து, "உன் பன்னண்டு எனக்கு நாப்பத்தேழு"ம்பாரு. மெமரினா இதானுங்க, வேற ஒண்ணுமில்ல. ஒவ்வொரு தடவையும் ரெண்டு நோட்டையும் பொரட்டிட்டிருந்தா வேலை ஆகுங்களா? அதனால ஓனர் மூணாவதா ஒரு நோட்டுப் போட்டுக்குவாரு. அஞ்சுன்னா நேரா நாப்பத்தேழு. முடிஞ்சுது. அதுல இல்லாத நம்பர் வந்தா மட்டும் ஓனர் எந்திரிச்சுப் போய், மத்த ரெண்டு நோட்டையும் பாத்து எழுதிக்குவாரு. ஓனருங்கறது யாரு? எங்க சாஃப்ட்வேர்தான். அதாவது, நான்தான்னு வெச்சுக்கங்களேன்.

வடை வேணுங்களா? வேண்டாங்களா? நான் ஒண்ணு வாங்கிக்கறேன்.

இன்னும் ஒண்ணே ஒண்ணு சொல்லீட்டா விசயத்துக்கு வந்துரலாம். ப்ராசசருக்குள்ள ரெஜிஸ்டர்னு இருக்குதுங்க. சின்னச் சின்னச் சிலேட்டுன்னு வெச்சுக்கங்க. அதுல ஒரு சிலேட்டுக்குப் பேரு சி.ஆர். ரெண்டு. எவனாச்சும் பூட்டின ரூமுக்குள்ள போகப் பாத்து முட்டிக்கிட்டான்னா, "இன்ன நம்பர்ல முட்டிக்கிட்டான்"னு ப்ராசசர் அதுல எழுதும். அதைப் படிச்சுத்தான் முட்டினவன் அடுத்து என்ன பண்றதுன்னு முடிவு பண்ணுவான். கூத்து என்னன்னா, ஓனருக்கும் அதே சிலேட்டு, வாடகைக்காரனுக்கும் அதே சிலேட்டு, உள்வாடகைக்காரனுக்கும் அதே சிலேட்டு. அதனால ஓனர் உள்ள போறப்ப, அதுல இருக்கறதக் காப்பி எடுத்து வெச்சுக்கோணும். திரும்பி வரப்ப அதை அப்படியே எழுதி வெச்சுட்டு வரோணும். மத்த பல சிலேட்டை ப்ராசசரே பாத்துக்கும். இதை மட்டும் நாமதான் ஞாபகமாப் பண்ணோணும். இதுக்குக் கோடுல, அதாவது புரோகிராம்ல, ஒரு வரி. ஒரே ஒரு வரிங்க.

இப்ப நியாயத்துக்கு வர்றேன்.

போன ஐப்பசில எங்க ஜெர்மனிக்காரங்க கூப்பிட்டாங்க. பெரிய கிராக்கி. எங்க கோயமுத்தூர் டீம் ஒம்பது பேரும் அவங்களை நம்பித்தான் இருக்கறோம். "அஞ்சு நாளைக்கு ஒருக்கா உள்ளுக்குள்ள இருக்கற மெசின் செத்துப் போகுது"ன்னாங்க. செத்த மெசினு கடேசியா என்ன எழுதி வெச்சுதுன்னு பாத்தா, அது போகவே போகாத ஒரு நம்பர்ல முட்டிக்கிட்டேன்னு எழுதியிருக்குது. கெழக்குத் தெருவுல விழுந்தவன், நான் மேக்குத் தெருவுல விழுந்தேன்னு சாட்சி சொல்ற மாதிரி. தை பொறக்கறதுக்குள்ள சரி பண்ணலீன்னா வேற கம்பெனி பாத்துக்கறோம்னுட்டாங்க. சென்னையில எங்க பெரியவரு பத்மநாபன் என்னைக் கூப்பிட்டு, "அவி, இது போச்சுன்னா கோயமுத்தூர் ஆபீஸைப் பூட்ட வேண்டியதுதான்"னாரு. "எங்கிட்ட விட்டுருங்க"ன்னனுங்க.

மூணு மாசம்! சொன்னா நம்ப மாட்டீங்க. அந்த மூணாவது நோட்டுக்குன்னு தனி ஃபைல்ல இருக்கற கோடு முழுசையும் மூணு தடவை திருப்பி எழுதினேன். மெமரி கெட்டுப் போச்சோன்னு மாத்தச் சொன்னேன், மாத்துனாங்க. கரண்டு சரியில்லையோன்னேன். ஜெர்மனில கரண்டு சரியா இருக்குதுன்னு சொல்லிட்டாங்க. ஆயுத பூஜைக்கு எங்க டெஸ்ட் மெசினுக்கு வெச்ச குங்குமம் ஃபேனுக்குள்ள போயிருச்சோன்னு அதையும் பிரிச்சுத் தொடச்சனுங்க. ஒவ்வொரு சாவையும் நோட்டுல எழுதி வெச்சேன். தேதி, மணி, எந்த மெசினு, அப்ப என்னென்ன ஓடிட்டிருந்துது, மெமரி எவ்வளவு மிச்சம். டீமுல எல்லாரும் ஒரு புள்ளி விடாம அதுல எழுதோணும்னு சட்டம் போட்டேன். எல்லாருக்கும் எம்மேல கடுப்பு. இருக்கட்டும். வேலைன்னா வேலை.

அதைப் படிச்சது ஒரே ஒருத்திதான். ரோஸ்லின். தூத்துக்குடிப் புள்ள. சேந்து ரெண்டு வருசம் ஆகுது. எம் பக்கத்து மேசை. அதிகமாப் பேச மாட்டா. ஒரு நாள் என் நோட்டைப் பொரட்டிட்டு, "சார், இதெல்லாம் அவங்க பேக்கப் ஓடுத நேரமால்லா இருக்கு?"ன்னா.

"பேக்கப் ஓடுனா என்னம்மா? எல்லா ஊர்லயும்தான் பேக்கப் ஓடுது"ன்னேன்.

"இல்ல சார், அப்பந்தான் மெமரி பத்தாம வருது."

"அதனாலதானே மெமரிய சேத்துப் போடச் சொல்லியிருக்கேன்"ன்னேன். சரிதானுங்களே? பத்தலீன்னா சேத்துப் போடறதுதானே மொறை? சேத்துப் போட்டோம். சாவு கொறஞ்சுது. ஆனா நிக்கல.

அவ என்ன பண்ணினா தெரியுங்களா? நாங்க எல்லாரும் கூட்டிக் கூட்டிப் போட்டிட்டிருக்கறோம், அவ எங்க டெஸ்ட் மெசின்ல மெமரியக் கொறச்சுப்போட்டா! பாதி, காவாசின்னு கொறச்சுட்டே போனா. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. அஞ்சு நாளைக்கு ஒருக்கா வந்துட்டிருந்த சாவு, நாலு நிமிசத்துக்கு ஒருக்கா வர ஆரம்பிச்சிருச்சு. அஞ்சு நாள் காத்துக் கிடக்கறவன் கண்டுபிடிக்கறது ஒண்ணு, நாலு நிமிசத்துக்கு ஒருக்கா கண்ணு முன்னால செத்துச் செத்துக் காட்டறதப் பாத்துக் கண்டுபிடிக்கறது இன்னொண்ணு. ரெண்டும் ஒண்ணுங்களா? நீங்களே சொல்லுங்க.

ஈரோடு வந்துருச்சு. டீ சொல்லட்டுங்களா? ரெண்டு டீ கொடுப்பா. இருக்கட்டுங்க, நான் வாங்கித் தர்றேன்.

மார்கழி கடேசி வாரம், திங்கக்கிழமை காத்தால. எல்லாரையும் கூப்பிட்டு போர்டுல படம் போட்டுக் காட்டுனா. "உள்ள இருக்கவன் ஒரு ரூமுல முட்டுதான். அந்த நம்பர் சிலேட்டுல ஏறிட்டு. அவன் அதைப் படிக்கதுக்கு முந்தியே, மூணாவது நோட்டுல ஒரு நம்பர் இல்லன்னு ஓனர் உள்ள வாராரு. நடுவுல உள்ளவனோட நோட்டைப் பொரட்டுதாரு. மெமரி பத்தாததுனால அந்தப் பக்கத்தைத் தூக்கி டிஸ்க்குல போட்டாச்சு. அதனால ஓனரே முட்டிக்கிடுதாரு. இப்போ சிலேட்டுல ஓனர் முட்டுன நம்பர். திரும்பிப் போகையில அழிச்சிட்டுப் பழசை எழுதணும்லா? பெரிய வழியில போனா எழுதுதாரு. குறுக்கு வழி ஒண்ணு இருக்கு, அதுல போனா எழுதல. உள்ள உள்ளவன் ஓனர் நம்பரைப் படிச்சிட்டு, தான் அங்க விழுந்ததா நெனச்சு உசுர விடுதான். அவ்வளவுதான் சார்."

கூட்டமே கை தட்டுது. எனக்குப் புடிச்சுதுங்க கோவம்.

பொறாமைன்னு நெனச்சுக்காதீங்க. அந்தக் குறுக்கு வழி எம்பட சொந்தச் சரக்கு. நாலு வருசத்துக்கு முன்னால, புரட்டாசி மாசம், ரெண்டே வாரத்துல ஒத்தை ஆளா எழுதினேன். போக வர இருந்த தண்டமான வேலை அத்தனையும் வெட்டி எறிஞ்சு, வண்டிய முப்பது சதவீதம் வேகமா ஓட வெச்சேன். அதுக்குக் கம்பெனில ஷீல்டு கொடுத்தாங்க, வீட்ல டிவிக்கு மேல இருக்குது. அப்படி நான் பாத்துப் பாத்துக் கட்டி வெச்ச வழில, எவனோ பின்னாடி வந்து ஒரு வரியத் தூக்கியிருக்கான். எனக்கு வயிறு எரியுங்களா எரியாதுங்களா?

"யாரு எடுத்தது?"ன்னு கேட்டேன்.

ரோஸ்லின் போர்டை அழிச்சுக்கிட்டே, "பழைய கோடு சார். யாருன்னா என்ன, சரியாயிட்டுல்லா"ன்னா.

யாருன்னா என்னவா? ஒம்பது குடும்பத்துச் சோறு போகப் பாத்துது! "அவன் பேரை எல்லாருக்கும் முன்னால சொல்லியாகோணும்"னு அன்னைக்கே ஒரு மெயில் போட்டேன். பதில் இல்ல. ரெண்டாவது போட்டேன். "இப்படிப்பட்ட பொறுப்பு கெட்ட ஆளு இந்தத் தொழிலுக்கே லாயக்கில்ல"ன்னு காட்டமா எழுதினேன். அதுக்கும் பதில் இல்ல. ஆபீஸே என்னைப் பாத்தா தலையக் குனிஞ்சுக்குது. மூணாவது மெயில் பத்மநாபன் சாருக்கும் சேத்துப் போட்டேன்.

அன்னைக்கு மத்தியானம் ரோஸ்லின் என் மேசைக்கு வந்தா. "சார், அந்த மெயிலை இத்தோட விட்டுருங்களேன்"னா.

"ஏன்? எடுத்தவன் உன் சிநேகிதனா?"

"சிநேகிதம்லாம் இல்ல சார். தெரிஞ்சவங்கதான்."

பாத்தீங்களா! அவ வாயாலயே ஒத்துக்கிட்டா! யாரையோ காப்பாத்தறா. அப்பவே எனக்குப் பொறி தட்டிருச்சு.

அதோட விட்டாங்களா? பொங்கல் முடிஞ்சு பாத்தா, டீமுக்குத் தலைமை ரோஸ்லினாம். பத்தொம்பது வருசம் நான் உக்காந்து தேச்ச நாற்காலி. மூணு மாசம் தூக்கமில்லாம நோட்டு எழுதினது நானு, ஒரு வரி எழுதினது அவ. பேரு யாருக்கு? நான் போய்ப் பத்மநாபன் சார்கிட்ட நேர்லயே கேக்கறேன்னேன். சரி வாங்க, ரோஸ்லினையும் வரச் சொல்றேன்னுட்டாரு. அவ நேத்தே போயிட்டா. அதான் இன்னைக்கு மூணு மணி.

சும்மா போகலீங்க, ஆதாரத்தோட போறேன். இந்தா பாருங்க. நாலு பக்கம் புகார். இது அந்தக் குறுக்கு வழிக் கோடு முழுசும். இடது பக்கம் பாத்தீங்கன்னா, ஒவ்வொரு வரியும் யாரு எழுதினது, என்னைக்கு எழுதினதுன்னு கம்ப்யூட்டரே போட்டுக் குடுத்துரும். யாரும் ஏமாத்த முடியாது. பாருங்க, அவிநாசியப்பன், அவிநாசியப்பன், அவிநாசியப்பன். ஆறு பக்கமும் என் பேருதான். எங்கயாச்சும் ரோஸ்லின் இருக்குதான்னு தேடோணும். இந்தா, இங்க. ஒரே ஒரு வரி. இதுக்குத்தானுங்க அந்த நாற்காலி. அப்பறம் கடேசித் தாளு, இந்த ஃபைலை ஆதியில இருந்து இன்னைக்கு வரைக்கும் யாரு யாரு தொட்டாங்கன்னு பட்டியல். ஒரு எழுத்தை எடுத்தாக்கூட இதுல வந்துரும். புடியுங்க, நல்லாப் பாருங்க.

நீங்க டீச்சருங்களா? அதானே பாத்தேன், தாளைக் கையில வாங்குனதும் பேரையும் தேதியையும் பாக்கறீங்களே. என்ன பாடம்? கணக்குங்களா? நல்லதாப் போச்சு. கணக்கு டீச்சருக்கு நியாயம் சட்டுனு புரியும்.

என்னுங்க?

பட்டியல்ல எத்தனை பேருங்கறீங்க? ரெண்டு பேரு. நானு ஒருக்கா, நாலு வருசம் முன்னால. அவ ஒருக்கா, போன மார்கழில. அவ்வளவுதான். அதாங்க நானும் சொல்றேன். வேற யாரும் இதுல கையே வெக்கல. முழுக்க முழுக்க என் உழைப்பு.

ஆமாங்க, எடுத்தாலும் பட்டியல்ல வரும். சேத்தாலும் வரும்.

ஆமாங்க, அவ சேத்தது ஒரு வரி.

அப்ப எடுத்தது யாருன்னா...

அது வந்துங்க... அந்த வரி முதல்லயே... இருங்க. அந்தத் தாளை இப்படிக் குடுங்க. கண்ணாடி எங்க வெச்சேன்? தலையிலயா? சரிங்க.

...

சேலம் தாண்டிருச்சுங்களா? எப்பத் தாண்டுச்சு?

மேடம், எடுக்கலீங்க. யாரும் எடுக்கல. எடுக்கறதுக்கு அது அங்க இருந்தாத்தானே. தண்டமான வேலை அத்தனையும் வெட்டி எறிஞ்சேன்னு சொன்னனுங்கல்லோ. அதோட சேத்து அதையும் வெட்டிப்போட்டிருக்கேன். நாலு வருசமா ஊரெல்லாம் ஓடிட்டிருந்திருக்குது. மெமரி தாராளமா இருந்த எடத்துல வெளிய தெரியல.

மூணு மெயிலு. தொழிலுக்கே லாயக்கில்லாத ஆளுன்னு எழுதினனுங்க. எல்லாருக்கும் முன்னால பேரைச் சொல்லியாகோணும்னு எழுதினனுங்க.

"தெரிஞ்சவங்கதான்"னாளே, அந்தப் புள்ள.

ஒரு நிமிசம் மேடம், பத்மநாபன் சாருக்கு ஒரு ஃபோன் போட்டுக்கறேன். இல்ல, நீங்க எந்திரிக்க வேண்டாம், உங்களுக்குத் தெரியாத விசயமா இனி என்ன இருக்குது.

சார், வணக்கம், அவி பேசறனுங்க. ஆமாங்க, வண்டிலதான். சார், அந்தப் புகார் வேண்டாங்க. நான் அதைக் கிழிச்சுப்போட்டுட்டேன்னு வெச்சுக்கங்க. இல்லீங்க, உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்குது. அந்த வரி விசயமா ஒண்ணு சொல்லோணும். அது விட்டது வந்துங்க... என்னுங்க? தெரியுங்களா? எப்ப இருந்துங்க? முதல் மெயில் போட்ட அன்னைக்கேவா? யாரு சொன்னாங்க, ரோஸ்லினா? அவ சொல்லலீங்களா? நீங்களே பட்டியலைப் பாத்தீங்களா. ரெண்டு நிமிசம் ஆச்சுங்களா. சரிங்க. டீமுல மத்தவங்களுக்கு... எட்டுப் பேருக்குமா? சரிங்க. சரிங்க. அவதான் யாரும் வாயத் தொறக்கக் கூடாதுன்னாளா. என்ன சொன்னா? "சார் நோட்டு இல்லன்னா பேக்கப் நேரத்தை நான் எங்க போய்ப் பாத்திருப்பேன்"னாளா. சரிங்க சார். நான் வந்து... இல்லீங்க, திரும்பிப் போகல. வர்றேங்க. வெச்சுடறேன்.

எட்டுப் பேருக்கும் தெரியுமாம் மேடம். தலையக் குனிஞ்சுக்கிட்டாங்கன்னு சொன்னனுங்கல்லோ, சிரிப்ப அடக்கிட்டு இருந்திருக்கானுக படுபாவிக.

எங்கூட்டுக்காரிக்கும் தெரிஞ்சிருக்குமோ? அவளும் ரோஸ்லினும் சர்ச்சுக்குப் பக்கத்துல இருக்கற காய்க் கடைல பாத்துக்குவாங்க. "வீணா மானத்த வாங்கிட்டு வராதீங்க"ன்னாளே. அய்யோ கடவுளே.

இல்லீங்க, வேண்டாம். முறுக்கு இப்ப எறங்காது. சரி, ஒண்ணே ஒண்ணு குடுங்க.

ரோஸ்லினுக்கு ஒரு மெசேஜ் போடோணும். எப்படி எழுதறதுங்க? "அன்புள்ள ரோஸ்லின், தவிர்க்க முடியாத சில காரணங்களால்..." அப்படி எழுதலாங்களா? ஏனுங்க, நல்லாத்தானே இருக்குது? சரி, அழிச்சுடறேன். "பட்டியலை மறு ஆய்வு செய்ததில்..." அதுவும் வேண்டாங்களா? நீங்க தலைய ஆட்டற ஆட்டப் பாத்தா, உங்க பள்ளிக்கூடத்துப் பசங்க பாவம்னு தோணுது. நேரா எழுதோணுங்கறீங்க. எழுதறேன். "அந்த வரி நான் விட்டது. நாற்காலி உன்னுதுதான். மன்னிச்சுக்கோ." போதுங்களா? கடேசி வார்த்தை இருக்கட்டுங்களா? இருக்கட்டும்னுதான் நானும் நெனச்சேன்.

அனுப்பிட்டனுங்க.

பாத்துட்டா. ரெண்டு டிக்கும் நீலமாயிருச்சு. எழுதறா. நிறுத்திட்டா. மறுக்கா எழுதறா. இந்த ஜோலார்பேட்டைல வண்டி எதுக்கு இவ்வளவு நேரம் நிக்குது?

வந்துருச்சுங்க. "தெரியும் சார். மத்தியானம் நல்லா சாப்பிட்டுட்டு வாங்க. மீட்டிங் நீளும்."

அவ்வளவுதான். கூட ஒரு சிரிக்கிற மூஞ்சி.

ஏனுங்க மேடம், இத்தனை வருசமாப் புள்ளைக எழுதறதப் படிக்கறீங்க. நீங்களே சொல்லுங்க. இது அக்கறைங்களா, மிரட்டலுங்களா?